கர்ட்டன் அக்காவின் ஊமை வண்டி

அக்கா கார் வாங்கிய அன்று தெருவில் ஒருவரும் வாழ்த்துச் சொல்லவில்லை. ஆளாளுக்கு விசாரணைதான் நடத்தினார்கள். பெட்ரோலில் ஓடுமா, கரண்டில் ஓடுமா? இரண்டிலும் என்றால் எதற்கு இரண்டு? தையல்காரிக்கு எதற்குக் கார், அதிலும் பேட்டரி வைத்த கார், அதிலும் இன்னொருவர் ஏழு வருஷம் ஓட்டிக் களைத்துப்போன கார்?

"உங்க வீட்டு ஜன்னலுக்குத் திரை வேணும்னா சொல்லுங்க. அளவெடுக்க இந்தக் கார்லதான் வருவேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியைத் துடைக்கப் போனாள்.

அவள் என் பெரியம்மா மகள். ஜன்னல் திரை தைத்து மாட்டுவது தொழில். எல்லோருக்கும் அவள் 'கர்ட்டன் அக்கா'. அவளைவிட மூத்தவர்களுக்கும் அப்படித்தான். பதினொரு வருஷம் பெரிய துணிக்கடை ஒன்றின் மாடியில், ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து அடுத்தவர் ஜன்னல்களுக்குத் தைத்தாள். ஒருநாள் அவள் அளவெடுத்து, அவள் வெட்டி, அவள் தைத்த திரையை முதலாளி ஒரு வாடிக்கையாளரிடம் காட்டி, "நம்ம டிசைனர் வெளிநாட்டுல படிச்சவர்" என்று சொன்னதைக் காதால் கேட்டாள். அன்று படியிறங்கியவள்தான். மறுபடி ஏறவில்லை.

நகரத்தில் வேலை கிடைத்து வந்ததிலிருந்து நான் அவள் வீட்டு முன்னறையில் தங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், மின்பொறியியல் பட்டதாரி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் வயலில் முதுகு வளைந்தது நான் அதை நிமிர்ந்து சொல்வதற்காகத்தான்.

கார் விஷயத்தில் அக்கா போட்ட கணக்கு தெளிவானது. அவள் போகும் தூரம் குறைவு, நெரிசலில் நிற்கும் நேரம் அதிகம். ஒரு வீட்டில் அளவெடுத்து, இன்னொரு வீட்டில் மாட்டி, துணி மொத்தக்கடைக்கு ஓடி, திரும்பி வரவேண்டும். அதுவரை வாடகை வேன்தான். சம்பாதித்ததில் பாதியை அது தின்றது. முழு மின்சாரக் கார் வாங்கலாம் என்றால், நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. வண்டி நிற்பது தெருவில். மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டா சார்ஜ் போட முடியும்? அதனால் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்துவிடும். ஊர்ந்து போகும்போது மோட்டார் தள்ளும். பிரேக் பிடித்தால் அந்த வேகமே கரண்டாகி பேட்டரிக்குத் திரும்பும். மூன்று வருஷத்தில் பிரேக் கட்டை ஒரு தடவைகூட மாற்றவில்லை. பெட்ரோல் செலவு வேனுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

அத்தான் பேருந்து ஓட்டுநர். டீசல் வாசனை இல்லாத எதையும் வாகனமாக ஒப்புக்கொள்ளாதவர். "எஞ்சின் நின்னா வண்டி நிக்கணும், அதுதான் முறை. இது எஞ்சின் நின்ன பிறகும் நகருது. இதை எப்படிம்மா நம்புறது?" என்பார். சத்தமே வராததால் வண்டிக்கு 'ஊமை' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அந்த ஊமை ஒருநாள் பின்னாலிருந்து உறுமத் தொடங்கியது. பின்சீட்டுக்கு அடியில் யாரோ தலைமுடி உலர்த்தும் மெஷினைப் போட்டது போல ஓயாத இரைச்சல். மேட்டில் ஏறத் திணறியது. ஒரு தடவை டேங்க் நிரப்பினால் பத்து நாள் வந்தது ஆறு நாளில் தீர்ந்தது. கடைசியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் எச்சரிக்கை விளக்காகச் சிவப்பு முக்கோணம் எரிந்தது.

நேரம் பார்த்துத்தான் எரிந்தது. ஒரு மருத்துவமனையில் நாற்பது படுக்கைக்கு மறைப்புத் திரை தைத்து, கம்பியோடு மாட்டித் தரும் வேலை அப்போதுதான் அவளுக்கு வந்திருந்தது. பன்னிரண்டு நாள் கெடு. தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு வந்த முதல் பெரிய வேலை அது. கார் இல்லாவிட்டால் அது இல்லை. அது போனால் அவள் மறுபடி ஏதாவது மாடிக்கு ஏற வேண்டியதுதான்.

சர்வீஸ் சென்டருக்கு நானும் கூடப் போனேன். கண்ணாடி அறை, குளிர், சோபா. சோதனைக்கென்று முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து டேப்லெட்டோடு வந்தார் ஓர் இளைஞர்.

"மேடம், ஹைப்ரிட் பேட்டரிக்கு லைஃப் முடிஞ்சிருச்சு. முழு செட்டும் மாத்தணும்."

அவர் காட்டிய தொகை, அக்கா காரை வாங்கிய விலையில் முக்கால் பங்கு.

"இல்லேன்னா எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு புது வண்டி பாக்கலாம் மேடம். லோன் ஈஸி."

"இதை என்ன விலைக்கு எடுப்பீங்க?"

சொன்னார். பழைய இரும்புக்காரரே அதைவிட அதிகம் கொடுத்திருப்பார்.

"பேட்டரிக்குள்ள எத்தனை செல்லு?"

"இருபத்தெட்டு மேடம்."

"இருபத்தெட்டும் ஒரே நாள்ல செத்துப்போச்சா?"

"அப்படி இல்ல மேடம்…"

"அப்போ எத்தனை உயிரோட இருக்கு?"

"அதையெல்லாம் தனித்தனியா பாக்கிறதில்ல. கம்பெனி ரூல், செட்டாத்தான் மாத்துவோம்."

"தம்பி, நான் திரை மாட்டுறவ. ஒரு ஜன்னல்ல ரெண்டு வளையம் அறுந்துபோச்சுன்னு கூப்பிட்டா, வீட்டுத் திரை மொத்தத்தையும் மாத்துங்கன்னு சொல்ல முடியுமா? சொன்னா அடுத்த தடவை என்னை வாசல்லயே நிக்க வெச்சிருவாங்க."

நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. "அக்கா, கம்பெனிக்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நாலு வருஷம் காலேஜ்ல படிச்சது கேள்வி கேக்கவா, தலையாட்டவா?"

அந்தக் குளிர் அறையிலும் எனக்கு வியர்த்தது.

"சோதிக்கக் காசு வாங்குனீங்கல்ல? சோதிச்சதுல என்ன வந்துச்சுன்னு தாள்ல குடுங்க" என்றாள் அவரிடம்.

"அது கஸ்டமருக்குக் குடுக்கிறதில்ல மேடம்."

"சரி. குடுக்கிற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

காருக்குப் போய் ஒரு பொதியை எடுத்து வந்தாள். மருத்துவமனையின் பச்சைத் துணி. சோபா முழுக்க விரித்தாள். நூலைப் பல்லில் கடித்து, ஊசியில் கோத்து, விளிம்பை மடித்துத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். காத்திருந்தவர்கள் முதலில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்தார்கள். ஓர் அம்மாள், தன் வீட்டுக் கூடத்துக்கு எவ்வளவு துணி ஆகும் என்று கேட்டார். அக்கா தைத்துக்கொண்டே பதில் சொன்னாள். வேலையும் பேசி முடித்தாள்.

மேனேஜர் வெளியே வந்தார். "இங்கெல்லாம் தைக்கக் கூடாதும்மா."

"தைக்கக் கூடாதுன்னு எழுதலையே சார். 'காத்திருக்கும் இடம்'னுதான் போட்டிருக்கு. காத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

இரண்டரை மணி நேரம். நான்கு திரைக்கு விளிம்பு முடிந்தது. அதற்குமேல் அவர்களுக்குத் தாங்கவில்லை, தாள் வந்தது.

அதை வாங்கிப் படித்தது நான். பதினான்கு வரிசைகள், ஒவ்வொரு வரிசையும் இரண்டு செல்லுக்கானது. பதின்மூன்று வரிசைகளில் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்று போல இருந்தது. நட்டநடுவில் ஏழாவது வரிசை மட்டும் தொங்கிக் கிடந்தது.

"அக்கா, பதிமூணாவதும் பதினாலாவதும்தான். மத்த இருபத்தாறும் நல்லா இருக்கு."

"இப்பத்தான்டா நீ படிச்சவன்" என்றாள்.

தாளின் அடியில் இன்னோர் எண் என்னை உறுத்தியது. பேட்டரியின் சூடு. அவ்வளவு சூடாக இருக்கவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் காரின் முன்சீட்டுக்கு எதிரே இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த கையேட்டை எடுத்தேன். முன்பு வைத்திருந்தவரும் பிரிக்கவில்லை, நாங்களும் பிரிக்கவில்லை. முந்நூறு பக்கத்தில் ஒரு பக்கத்தில் படத்தோடு போட்டிருந்தது: பின்சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத்துளை வழியாகத்தான் பேட்டரி குளிர்கிறது, அதைப் பொருள்களால் அடைக்காதீர்கள்.

சத்தமாக வாசித்தேன். அக்கா கையேட்டை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்தத் துளைக்கு மேல்தான் அவள் துணிப்பொதிகளை அடுக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கேதான் வாகாக நிற்கும் என்று, முட்டுக் கொடுத்து, கயிறு கட்டி வேறு.

"அப்போ நான்தான் மூச்சை அடைச்சிருக்கேன்" என்றாள் கடைசியில்.

அத்தானுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? "வித்துத் தொலைம்மா. பஸ்ஸுல இந்த மாதிரி பேட்டரியும் இல்ல, மூச்சும் இல்ல, முப்பது வருஷமா ஓடுது."

"பஸ்ஸுல நாற்பது திரையும் ஏணியும் டிரில்லும் ஏத்த விடுவீங்களா?"

"லக்கேஜ் டிக்கெட் போடணும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் அத்தான்.

அன்று மாலையே பழைய முதலாளி போன் செய்தார். மொத்தக்கடையில் துணியை எடுக்க வண்டி இல்லை என்று அக்கா சொன்னது அவர் காதுக்குப் போயிருந்தது. "மனசுல எதையும் வெச்சுக்காதம்மா. உன் மெஷின் காலியாத்தான் இருக்கு. மருத்துவமனை வேலையையும் கடை பேருக்கு மாத்திக்கலாம், வேன் நான் தர்றேன்." குரலில் தேன் சொட்டியது. அக்கா, "யோசிச்சுச் சொல்றேன் முதலாளி" என்று வைத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பயமாக இருந்தது. அவள் பதிலைத் தள்ளிப்போடுபவள் இல்லை.

ஞாயிறு காலை, அக்கா விசாரித்துப் பிடித்த, எல்லோரும் 'வோல்ட்டு' என்று கூப்பிடும் ஆள் வந்தார். மூன்று சக்கர மின்வண்டிகளுக்குப் பேட்டரி பழுது பார்ப்பவர். பேச்சு குறைவு, கையுறை தடிமன். முதலில் பேட்டரியின் மின்தொடர்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறச் செருகியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது என் பையில இருக்கிற வரைக்கும் யாரும் சாக மாட்டோம். ஆனாலும் பத்து நிமிஷம் தொடக் கூடாது" என்றார். நாங்கள் வண்டியைச் சுற்றிப் பத்து நிமிஷம் சும்மா நின்றோம்.

பிறகு பின்சீட்டைக் கழற்றி, காற்று இழுக்கும் விசிறியைத் திறந்தார். உள்ளே விசிறியே தெரியவில்லை. துணியிலிருந்து உதிர்ந்த தும்பு, மூன்று வருஷத் தும்பு, ஒரு கெட்டித் தலையணையாக இறுகிக் கிடந்தது. பிய்த்தபோது அடுக்கடுக்காக வந்தது. "இந்த நீலம் ஹோட்டல் வேலை. இந்தச் சந்தன நிறம் டாக்டர் வீடு" என்று அக்கா அடையாளம் சொல்லிக்கொண்டே போனாள்.

வோல்ட்டு தலையை ஆட்டினார். "இதைப் பாக்காம புது பேட்டரி போட்டிருந்தா அதையும் கொன்னிருப்பீங்க. சர்வீஸ்ல இதைத் திறக்கவே இல்லையா?"

"திறக்கக் கம்பெனில ரூல் இல்லையாம்."

இருபத்தெட்டு செல்களும் அலமாரியில் நிறுத்திய தடித்த புத்தகங்களைப் போல இருந்தன. ஒவ்வொன்றையும் அளந்தார். தாள் சொன்னது சரி: நடுவில் இருந்த இரண்டு. விபத்தில் நசுங்கிய ஒரு காரிலிருந்து எடுத்த இரண்டைப் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து ஒரு நாள் முழுக்க மின்னழுத்தம் சமன்பட விட்டு, திங்கள் மாலை மூடினார். கேட்ட காசு கம்பெனி சொன்னதில் பதினைந்தில் ஒரு பங்கு.

"எத்தனை நாள் வரும்?" என்றாள் அக்கா.

"பொய் சொல்ல மாட்டேன்மா. மத்ததும் பழசுதான். ஆறு மாசமும் வரலாம், மூணு வருஷமும் வரலாம்."

"அது போதும்" என்றாள். உடனே முதலாளிக்குப் போன் போட்டாள். "யோசிச்சுட்டேன் முதலாளி. மெஷின் காலியா இருந்தா எனக்கு வித்துடுங்க. இங்க ஒரு மெஷின் பத்தல." அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

அதற்கப்புறம் பின்சீட்டில் பொதி வைப்பதில்லை. பொதிக்கு முன்சீட், எனக்குப் பின்சீட். காற்றுத்துளைக்குக் கொசுவலைத் துணியில் ஒரு மூடி தைத்திருக்கிறாள். மாதம் ஒரு தடவை கழற்றி அலசிக் காயவைக்கிறாள். வாகனம் வைத்திருக்கும் செலவு என்று எல்லோரும் பெட்ரோலையும் இன்ஷூரன்ஸையும் டயரையும் சொல்வார்கள். தனக்குத் தெரியாததற்கு அடுத்தவன் போடும் விலைதான் பெரிய செலவு. அக்கா அதைக் கொடுக்க மறுத்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லாமல் போனதே என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

மருத்துவமனைத் திரைகளைப் பதினோராவது நாளே மாட்டி முடித்தோம். நாற்பதாவது கம்பியை நான் பிடிக்க, அவள் ஏணியில் நின்று திருகினாள்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு மேட்டில் ஏறும்போது சிவப்பு முக்கோணம் மறுபடி எரிந்தது. அக்கா ஓரமாக நிறுத்தி, விசிறித் துளையைத் தடவிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மெல்ல ஓட்டி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். வோல்ட்டு வந்து அளந்தார்.

"இந்தத் தடவை பத்தொன்பதாவது."

அத்தான் மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்று கீழே பார்த்துக் கத்தினார்.

"கேட்டுச்சு!" என்று அக்கா மேலே பார்த்துக் கத்தினாள். பிறகு வோல்ட்டிடம் திரும்பினாள். "பழசு இன்னும் இருபத்தஞ்சு உள்ள இருக்கு. ஒண்ணொண்ணா வரட்டும், ஒண்ணொண்ணா மாத்துவோம். எப்போ கிடைக்கும்? புதன்கிழமை ஒரு நூலகத்துக்கு அளவெடுக்க வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"செவ்வாய்" என்றார் வோல்ட்டு.

"அப்போ செத்ததை இப்பவே கழட்டிருவோம். அடுத்த தடவை நானே செய்யணும், இப்போ நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க" என்று கையுறைக்குக் கை நீட்டினாள்.

வோல்ட்டு முதலில் ஆரஞ்சுச் செருகியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார்.