சந்தனம் பூசிய சுவரோவியம்

1. ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வருகிறேன்.
2. அங்கே சுவரில் பழைய தேர்த்திருவிழா ஓவியம் இருக்கிறது. நாளை அதன்மேல் புதுப் பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள். அதற்குமுன் படமெடுக்கக் கேமராவைப் பொருத்துகிறேன்.
3. வெளிச்சத்தைச் சரிபார்த்துத் திரும்புவதற்குள், பூசாரி ஓவியத்து அம்மனின் முகம் முழுக்கச் சந்தனம் அப்பிவிடுகிறார்.

"ஐயா, அந்த முகத்த எடுக்கத்தானே வந்தேன்."

"அலங்காரம் இல்லாம அம்மாவ போட்டோ புடிக்கலாமா மிஸ்? நீங்க பவுடர் போடாமயா போட்டோவுக்கு நிப்பீங்க?"

ஓவியத்திலும் ஒரு பூசாரி தேர்மேல் ஏறி, சந்தனக் கிண்ணத்தோடுதான் நிற்கிறார். அம்மன் முகத்துச் சந்தனத்தைத் துடைத்தால் சாயமும் சேர்ந்து வந்துவிடும்.

அப்படியே எடுத்த படத்தில் மேளக்காரர்கள், காவடி எடுத்தவர்கள், குதிரைமேல் வேடிக்கை பார்க்கும் வெள்ளைக்காரத் துரை என எல்லோருடைய முகமும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அம்மனின் முகம் மட்டும் இல்லை.