குடலிறக்கம் என்று எழுதிக் கொடுத்தேன்

வீட்டுக்காரர் பனியனை நான் துவைக்கும்போதுதான் முதலில் பார்த்தேன். இடது பக்கம் பட்டாணி அளவுக்குக் கறை. அவர் உடம்பை ஓரக்கண்ணால் பார்த்தால் மார்புக்காம்பு உள்ளே இழுத்திருந்தது. பக்கத்தில் புளியங்கொட்டை போல ஒரு கட்டி.

என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாரேன்" என்றார். நான்தான் தடுத்தேன்.

"ஆம்பள போயி மார்பக் காட்டிக்கிட்டு நிப்பீகளா? ஊரு சிரிக்கும். சட்டையப் போடுங்க."

எட்டு மாதம் யார் முன்னாலும் அவர் சட்டையைக் கழற்றவில்லை.

கட்டி புண்ணான பிறகு ராஜபாளையத்தில் காட்டினோம். பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். மார்பகப் புற்று.

"அது பொம்பளைக்குல்லா வரும்?" என்றேன்.

"ஆணுக்கும் மார்பு இருக்கே பாட்டிம்மா. அபூர்வமா வரும். ஏன் இவ்வளவு நாள் வரல?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் சேலை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என் அசட்டைதான்" என்றார் அவர்.

மதுரையில் ஆபரேஷன். இடது மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு சர்ச்சில் ஜெபச் சீட்டு கொடுத்தேன். எங்கள் சபையில் பேரோடு வியாதியையும் எழுதிக் கொடுத்தால் ஐயர் (போதகர்) வாசித்து ஜெபிப்பார். நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனாலும் பிழையில்லாமல் எழுதினேன்: குடலிறக்கம். சபையே எழுந்து நின்று அவர் வயிற்றுக்காக ஜெபித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். "கனம் தூக்காதீங்க ஏட்டையா, திரும்பக் குடல் இறங்கிரும்." அவர்கள் போன பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "ஏட்டி, எங்க கைய வைக்கன்னு ஆண்டவரே கொழம்பிப் போயிருப்பாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தங்கை ரூபிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே நோய், இதே ஆபரேஷன். கண்ணாடி முன் அவள் அழுதபோது நான்தான் கட்டிப்பிடித்து, "உன் அழகு எங்கயும் போகல. நிமிந்து நட" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

இப்போது விஷயம் தெரிந்ததும் அவள் கேட்டாள்: "எனக்குச் சொன்னத அண்ணனுக்கு ஏன் மதினி சொல்லல? அண்ணன் உடம்பு மட்டும் வெக்கக்கேடா?"

சபையில் எழுந்து சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். தடுத்தது நான்தான். உங்கள் வீட்டு ஆண் மார்பில் கட்டி என்று சொன்னால் சட்டையைப் போடச் சொல்லாதீர்கள்.

தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷத்துக்கு. மாதம் ஒரு தடவை வலது மார்பைத் தடவிப் பார்க்கவும் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவர் உடம்பை நான் வெளிச்சத்தில் நின்று பார்த்ததே கிடையாது. இப்போது ஜன்னல் பக்கம் நிற்கிறார். தழும்பு அக்குள் வரை போகிறது.

"கண்ண மூடிக்கிட்டா எப்பிடிட்டி தெரியும்?"

திறந்து பார்க்கிறேன். விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அடுத்த மாதம் திரும்பத் தடவிப் பார்க்கும் வரைக்கும் நிம்மதி, அம்புட்டுத்தான் இனி எங்கள் காலக்கணக்கு.