மணி இல்லாத கூண்டு

சரியாக மாலை நான்கு முப்பத்தைந்து. காரில் மணி பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன், அதில் சந்தேகம் வேண்டாம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், மைக்ரோபயாலஜி படித்தவள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய பஞ்சாலைக் கிராமம் இருக்கிறது. மூடிக் கிடக்கும் மில், குளம், தொழிலாளர்கள் குடியிருந்த செங்கல் வீட்டு வரிசை, மணியைக் கழற்றிவிட்ட மணிக்கூண்டு. என் ஒரே மகள் யாழினி, ஸ்கூல் ஹிஸ்டரி புராஜெக்டுக்காக ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தாள். சின்னப் பிள்ளைகளும் அங்கே வேலை பார்த்ததாகப் பலகையில் எழுதியிருந்தது.

அப்போதுதான் மணி அடித்தது, அந்தக் காலிக் கூண்டிலிருந்து. ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். நான் கோயம்புத்தூர்க்காரி, அப்பா மில் தொழிலாளி; ஷிஃப்ட் சைரனை அங்கே சங்கு என்போம். நாங்கள் சுணங்கினால் வீட்டில் எப்படி விரட்டுவார்களோ அதே வாய்ப்பழக்கத்தில், "சங்கு ஊதிருச்சு கண்ணு, ஷிஃப்டுக்கு ஓடு, ஓடு" என்றேன்.

"மா, சோ நாட் ஃபன்னி."

பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினால் அவளைக் காணோம்.

குளத்தில் ஐஸ் மெல்லிசாகத்தான் இருந்தது. அங்கேதான் முதலில் ஓடினேன். ஐஸ் உடையவில்லை. அப்புறம் மில் ஜன்னல் வழியே பார்த்தேன். மெஷின் ஒன்றுகூட இல்லாத வெறும் கூடம், நடுவில் யாழினி. அறுந்த நூலை ஒட்டுகிறவர்கள் மாதிரி விரலை உருட்டிக்கொண்டே நடந்தாள். அவள் நூல் மில்லையே பார்த்ததில்லை. பெயர் சொல்லிக் கத்தினேன், திரும்பவில்லை. கதவில் பெரிய பூட்டு. என்ன தோன்றியதோ, அழுதுகொண்டே, வேலை வாங்குகிற மில் மேஸ்திரி மாதிரி கத்தினேன்: "ஷிஃப்ட் முடிஞ்சுது! எல்லாரும் வீட்டுக்கு வாங்க!"

நம்பினால் நம்புங்கள், பூட்டு கையோடு வந்துவிட்டது.

தூக்கத்தில் நடப்பவள் போல வந்தாள். காரின் பின்சீட்டில் ஏற்றினேன். அந்தக் கடைசிக்கு நகர்ந்து ஒடுங்கி உட்கார்ந்து, "அம்மா, கதவைச் சாத்தாத, கொஞ்சம் இரு" என்றாள். தமிழில். எதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பெண்.

அவசரமாகச் சாத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணும்போது, சாவிக்கொத்தோடு காவலாளிக் கிழவர் வந்து சேர்ந்தார். பூட்டுக்காகத் திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் பின்சீட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார். இங்கிலீஷில் அவர் சொன்னது இதுதான்:

"இருட்டிடுச்சு, மெதுவா போங்க மேடம். மத்தப் பிள்ளைங்களுக்கும் சீட் பெல்ட் போட்டுவிடுங்க."