அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே குளிசை

எங்கள் வீட்டு பிரிட்ஜின் மேல் இரண்டு மெற்ஃபோமின் குளிசை அட்டைகள் கிடக்கும். ஒன்று என்னுடையது, மற்றது தங்கச்சியுடையது. எனக்குச் சலரோகம், சீனி வருத்தம். அதை நான் பாடுபட்டுத் தேடிக்கொண்டேன். சந்திக் கொத்துரொட்டிக் கடைக்காரர் சாட்சி. அவளுக்குச் சலரோகம் இல்லை. சூலகத்தில் நீர்க்கட்டிகள், மாதக்கணக்காக வராத மாதவிடாய், வந்தால் தாங்கமுடியாத வயிற்று நோ. உடம்பில் இன்சுலின் இருக்கிறது, உடம்புதான் அதன் சொல் கேட்பதில்லை, கேட்கவைக்கத்தான் இந்தக் குளிசை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். முதலில் வயிற்றைப் போட்டுக் கலக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். பிறகு மாதவிடாய் ஒழுங்காக வரத் தொடங்கியது.

அப்போதுதான் பண்டத்தரிப்பிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண் பார்க்க வரும் நாளன்று அம்மா இரண்டு அட்டைகளையும் என் பிஸ்கற் தகரப் பேணிக்குள் போட்டார்.

"ஆரும் கேட்டால் எல்லாம் உன்ரை எண்டு சொல்லு."

என் வண்டி வயிற்றைப் பார்த்தவர்கள் சந்தேகப்படவா போகிறார்கள்?

சீலை கட்டும் அமளியில் தங்கச்சி மத்தியானம் சாப்பிடவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு இரண்டு வடையைத் தின்றாள். பேணியைத் திறந்து குளிசையை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் வாயில் போட்டாள்.

"உது ஆற்றை குளிசை, பிள்ளை?" மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்.

"என்ரை. சாப்பாட்டோடை போடவேணும்."

"சீனிக் குளிசையெல்லே?"

"அண்ணைக்குச் சீனிக்கு. எனக்கு மாதவிடாய்க்கு."

அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் எடுங்கோ தம்பி, உழைக்கிற உடம்பு, ஒண்டும் செய்யாது" என்று பலகாரத் தட்டைத் தள்ளினார். கோபத்தில் எழுந்து கத்தியிருப்பேன். வாய் நிறைய முறுக்கு.

என் கலியாணப் பேச்சின்போது இதே குளிசையை நானும் சபையில்தான் விழுங்கினேன். "பொறுப்பான பெடியன்" என்றார்கள்!

மறுநாள் தரகர் போன் எடுத்தார்.

"தம்பி, பிள்ளையை அவையளுக்குப் பிடிச்சிருக்கு. குளிசையை மட்டும் நிப்பாட்டட்டாம். கலியாணம் முடிய எல்லாம் தானாச் சரிவருமாம்."

"எது தானாச் சரிவரும்? அவையள் என்ன டொக்டர்மாரோ?"

"கத்தாதேங்கோ தம்பி, உங்களுக்குச் சீனி ஏறும்."

தங்கச்சி என் கையிலிருந்து போனைப் பறித்தாள். "ஐயா, நான் நிப்பாட்ட மாட்டன். அதுக்குச் சம்மதமெண்டால் வரச் சொல்லுங்கோ."

அம்மா அழத் தொடங்கினார். "கொஞ்ச நாளைக்கெண்டாலும் நிப்பாட்டினால் என்னடி?"

"திரும்பப் பழையபடி வருத்தம் வந்தால், அம்மா, அவையளோ வந்து என்ரை வயித்து நோவைத் தாங்கப்போகினம்?"

தரகர் அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. தங்கச்சி சோற்றைப் போட்டு நிதானமாகச் சாப்பிட்டுக் குளிசையை விழுங்கினாள். எனக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டு வைத்திருந்தாள். வாழ்நாளில் முதல்தடவையாக, ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.