ஆற்றில் இறங்காத தம்பி

தொண்ணூறுகளில் நடந்தது. தம்பியின் காலில் எடுத்த கட்டி புற்றுநோய் என்பதையும், அது நுரையீரலுக்குப் பரவியதையும் அவனிடம் மறைத்துவிட்டோம். "ஆத்துலயே கெடந்து குளிச்சதுல நெஞ்சுல சளி கட்டிட்டு" என்று சொல்லித்தான் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனேன். அதன்பின் அம்பாசமுத்திரத்தில், தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடியும், அவன் வெந்நீரில்தான் குளித்தான்.

எட்டு மாதத்தில் நோய் திரும்ப வந்தது. மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"நான் ஆத்துப் பக்கமே போவலியேக்கா" என்றான் தம்பி.

என் பொய் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, "பொய் சொல்லாதலே. தெரியாமப் போய்க் குளிச்சிருக்க" என்று அதட்டினேன்.

என்னையே பார்த்தான். "இனிமே போவ மாட்டேன்க்கா" என்றான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் கண் திறக்கவில்லை. அஸ்தியை அந்த ஆற்றில்தான் கரைத்தார்கள். செய்யாத தப்பை அவன் எதற்கு ஒப்புக்கொண்டான் என்று நான் யாரிடம் கேட்பது?