அக்கா வளர்த்த பூஞ்சை

அக்கா இல்லாமல் ஓராண்டைக் கடத்திவிட்டோம். இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்களே, நண்பர்களே, தம்பி என்ற முறையில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்கவும் போகிறேன்.

அக்கா அசாம் ஜாவா ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். அப்பா வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். அம்மா புல்லுக்கு மருந்தடித்தார். அப்பா சிறுகச் சேர்த்து வாங்கிய இரண்டு ஏக்கரில் எண்ணெய்க்கு நட்ட செம்பனைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அடிமரத்தில் பலகை மாதிரி காளான் முளைக்கும். பிறகு ஒரு காற்றுக்கு மரம் விழும். முனியாண்டி கோபம் என்று அப்பா கோழி அறுத்தார். பள்ளிச் சீருடையில் நின்ற அக்கா, "தப்பு பண்ணது காளான், தண்டனை கோழிக்காப்பா?" என்று கேட்டார். அப்பா முறைத்தார். ஆனால் கறியை முதலில் அக்காவுக்குத்தான் வைத்தார்.

அந்தக் காளானைத் துரத்திக்கொண்டே அக்கா பல்கலைக்கழகம் போனார், ஆய்வுக்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்தார். விழுந்த மரத்தின் வேரைத் தாள் கனத்துக்குச் சீவி, நீலச் சாயம் ஏற்றிப் பார்ப்பார். கல்லாகிப்போன பழங்கால மரத்தையும் தேய்த்துத் தேய்த்து அப்படியே பார்ப்பார். ஒரு முறை எனக்கும் காட்டினார். கல்லுக்குள் மரத்தின் அறைகள் வரிசையாக இருந்தன; நடுவே நூல் நூலாகப் பூஞ்சை. "மனுசன் வர்றதுக்கு முன்னாடியே இந்தச் சண்டை இருக்குடா தம்பி. மரமும் சும்மா சாகல. இங்க பாரு, பூஞ்சை வர்ற வழிய அடைச்சு வச்சிருக்கு" என்றார். ரவாங் தொழிற்சாலையில் திருகாணி முடுக்கும் எனக்குப் பாதிதான் புரிந்தது. என்னைப் படிக்க வைக்க அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் படிக்காதது அவர் குற்றமில்லை.

எங்கள் நிலத்தில் எல்லாம் விழுந்தும் ஒரே ஒரு மரம் நின்றது. அதன் வேரில், காளானைத் தின்னும் வேறொரு பூஞ்சையை அக்கா கண்டுபிடித்தார். பிறகு நிலம் வீடமைப்புக்குப் போனது, அந்த மரமும் போனது. ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்ததும் கெட்டுவிட்டது. மிஞ்சியது, ஓய்வு பெற்றபின் வீட்டு ஐஸ் பெட்டியில் மூன்று கண்ணாடித் தட்டுகளில் அக்கா வளர்த்தது மட்டும்தான்.

வயிற்றில் புற்றுநோய் முற்றி மருத்துவமனையில் கிடந்தபோதும் அதே பேச்சு. ஆய்வுக்கூடத்தில் அவருடன் வேலை செய்த டாக்டரம்மா அப்போது வெளிநாட்டில் இருந்தார். "அவங்க வந்து எடுத்துக்குவாங்க. அதுவரைக்கும் கீழ் அடுக்குல யாரும் கை வைக்காதீங்கடா" என்றார். சரிக்கா என்றேன்.

கருமாதிக்கு முதல் நாள் வீட்டைக் கழுவினோம். சாவு வீட்டில் பழையது எதுவும் தங்கக் கூடாது என்பது நம் வழக்கம். ஐஸ் பெட்டியை நான்தான் துடைத்தேன். கீழே பச்சையாகப் பூசணம் பிடித்த மூன்று தட்டுகள். தூக்கமில்லை, அழுது ஓய்ந்திருந்தேன் என்று சாக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். பிளீச் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்க தம்பி?" என்றார். காய்ந்து பளபளத்த தட்டுகளைக் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அசாம் ஜாவா சொந்தங்களுக்கும், இன்றும் என்னைத் தம்பி என்றே கூப்பிடும் டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நான் கேட்பது இதுதான். உங்கள் நிலத்தில் செம்பனைகள் காளான் வந்து விழுந்து, நடுவில் ஒன்று மட்டும் நின்றால், வெட்டுவதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள். ஞாயிறுதோறும் கம்போங் குவாந்தான் வரை தேடிப் போகிறேன். இதுவரை பதினொரு மரத்தின் வேர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "இது இல்ல தம்பி" என்கிறார் டாக்டரம்மா.

ஐஸ் பெட்டியின் கீழ் அடுக்கு காலியாகவே இருக்கிறது. என் மனைவி அதில் தண்ணீர்ப் போத்தல்கூட வைப்பதில்லை.