மேட்டுக் கிணற்றைக் காட்டினேன்

என் கணவர் திண்டுக்கல் பக்கம் ஒரு தோல் ஆலையில் வேலை பார்த்தார். ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்கும் சமயம், தண்ணீரைச் சோதிக்க ஓர் அதிகாரி எங்கள் தோட்டத்துக்கு வந்தார்.

“கழிவு கலக்குதுன்னு சொல்ற கிணறு எதும்மா?” என்று கேட்டார்.

ஆலையை மூடினால் வீட்டுக்காரர் வேலை போய்விடுமே என்ற பயத்தில், கழிவு கலக்கும் பள்ளத்துக் கிணற்றை விட்டுவிட்டு நல்ல தண்ணீர் ஊறும் மேட்டுக் கிணற்றைக் காட்டினேன். அவரும் அதில்தான் பாட்டிலை நிரப்பிக்கொண்டார்.

கோடையில் தன் கிணறு வற்றியதும் பக்கத்துத் தோட்டத்து ஜெயமேரி அக்கா வந்தார்.

“பள்ளத்துக் கிணத்துத் தண்ணி நல்லாருக்குன்னு ரிப்போர்ட்டு வந்துருச்சாம்ல? மாட்டுக்குக் காட்டலாமா?”

நான் வாய் திறக்கவில்லை.

சில வாரத்தில், அந்தத் தண்ணீரைக் குடித்துவந்த அவரது சினைப் பசு வாயில் நுரை தள்ளி விழுந்தது. வயிற்றுக் கன்றோடு செத்துப்போனது. அழுதுகொண்டே அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

“அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லத்தா” என்றார்.

மறுவாரமே, பள்ளத்துக் கிணற்றைச் சோதிக்கச் சொல்லி நானே மனு எழுதிக் கொடுத்தேன். இப்போது யார் சோதிக்க வந்தாலும் பள்ளத்துக் கிணற்றுக்குத்தான் கூட்டிப்போகிறேன். ஆலை வேலை போய், என் கணவர் லாரிக்கு லோடு ஏற்றப் போகிறார். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அக்காதான் என்னைப் பார்த்தால் வேறு பாதையில் போய்விடுகிறார்.